தம்பிக்கு கம்ப்யூட்டர் கோர்ஸ் ஃபீஸ் கட்டப் போறீங்களா? ஒரு நிமிஷம்



பர்சனல் லோன் வீடியோவுக்குக் கீழே வந்த கேள்விகள்ல ஒண்ணு மட்டும் கடன் பத்தினது இல்ல. வேப்பூர் பக்கத்து ஊர்க்காரர், சென்னையில வேலை பார்க்கிறார். "சார், தம்பி விருத்தாசலத்துல பி.ஏ. வரலாறு ரெண்டாம் வருஷம். கம்ப்யூட்டர் தெரியலைன்னா வேலையே கிடைக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு சென்டர்ல ஆறு மாச டிப்ளமாவுக்கு 18,000 கேக்குறாங்க. கட்டலாமா?"

உங்கள்ல பாதி பேருக்கு இந்தக் கேள்வி வீட்டுல இருக்கும். முதல் வேலை கிடைச்சு ரெண்டு வருஷம் ஆகியிருக்கும், கையில 20,000 - 25,000 சம்பளம், அதுல தங்கச்சி ஃபீஸ், தம்பி ஃபீஸ். என் பதிலை முதல்லயே சொல்லிடறேன்: இப்போதைக்குக் கட்டாதீங்க. கம்ப்யூட்டர் தேவையில்லைங்கிறதுக்காக இல்ல. தேவை, ரொம்பவே தேவை. ஆனா அந்த 18,000-க்கு என்ன சொல்லித் தருவாங்களோ, அதுல முக்கால்வாசிக்கு தம்பியோட காலேஜ்லயே ஏற்கெனவே இடம் ஒதுக்கியிருக்கு. மீதி கால்வாசி, அதாவது உண்மையில வேலைக்கு ஆகுற பகுதி, பெரும்பாலும் ரெண்டு இடத்துலயும் கிடைக்கிறதில்ல.

காலேஜ்ல என்ன இருக்குன்னு பார்ப்போம். தமிழ்நாட்டுல கலை அறிவியல் கல்லூரிப் பாடத்திட்டத்தை அஞ்சு பகுதியா பிரிச்சு வெச்சிருக்காங்க. பகுதி ஒண்ணு தமிழ், ரெண்டு ஆங்கிலம், மூணு சொந்தப் பாடம். பகுதி நாலுலதான் 'நான் மேஜர் எலெக்டிவ்'னு ஒண்ணு வரும். அதாவது, வேற துறையில போய் ஒரு பேப்பர் படிக்கணும். வரலாறு, தமிழ், விலங்கியல் பசங்கள்ல நிறைய பேர் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை தர்ற ஆபீஸ் ஆட்டோமேஷன் மாதிரியான பேப்பரை எடுக்கிறது இங்கேதான். இது போக, 2022 மார்ச் 1 அன்னைக்குத் தொடங்கின 'நான் முதல்வன்' திட்டத்துல கலை அறிவியல் மாணவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் சார்ந்த டிஜிட்டல் திறன் கோர்ஸ் வந்துச்சு. மெஷின் விஷயத்துல, 2011 செப்டம்பர் 15-ல தொடங்கின விலையில்லா லேப்டாப் திட்டம் உங்கள்ல பல பேர் கைக்கு வந்திருக்கும். 2025-26 பட்ஜெட்ல கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருஷத்துல டேப்லெட் அல்லது லேப்டாப்னு அறிவிச்சாங்க.

பேப்பர் இருக்கு, மெஷினும் வருது. அப்புறம் ஏன் டிகிரி முடிச்சு வர்ற பையன் பேங்க் ஸ்டேட்மெண்டைத் திறந்து வெச்சுக்கிட்டு முழிக்கிறான்?

மெனு தெரியும், வேலை தெரியாது

எங்க ஆபீஸ்ல ஃப்ரெஷர்ஸ் எடுக்கும்போது நான் ஒரு சின்ன டெஸ்ட் வைப்பேன். 60 வரி உள்ள ஒரு பேங்க் ஸ்டேட்மெண்ட். மூணே கேள்வி: மொத்தம் எவ்வளவு வெளியே போச்சு? எந்த மாசம் அதிகம்? ஒரே தொகை ரெண்டு தடவை பதிவாகியிருக்கா? இன்டர்நெட் பார்க்கலாம், ஏஐ-கிட்டயும் கேக்கலாம், தடை இல்ல. ரெஸ்யூமேல 'எம்எஸ் ஆபீஸ்'னு போடாத ஆளே கிடையாது. ஆனா தொகை பத்தியில 'டிஆர்', 'சிஆர்'னு எழுத்து ஒட்டிக்கிட்டு இருக்கிறதால மொத்தம் பூஜ்யம்னு வந்தா, நிறைய பேர் அந்தப் பூஜ்யத்தையே விடையா எழுதித் தர்றாங்க. 60 வரி செலவு கண்ணு முன்னாடி இருக்கும்போது மொத்தம் எப்படிப் பூஜ்யம் ஆகும்? அந்தச் சந்தேகம் வரணும். அது எந்த மெனுலயும் இல்ல.

இதுல டிகிரியை வெச்சு ஆளைக் கணிக்கவே முடியாது. பி.காம். முடிச்சு டேலி கோர்ஸும் முடிச்சவர் திணறுவார். தாவரவியல் படிச்ச பொண்ணு பத்து நிமிஷத்துல முடிச்சிடும். ஏன்னா அந்தப் பொண்ணு ப்ராஜெக்ட்ல விதை முளைப்பு எண்ணிக்கையை ஷீட்ல போட்டு, ஒரு வரிசை தப்பானதைக் கண்டுபிடிச்சு, திருப்பி எண்ணியிருக்கும். தன்னோட டேட்டாவுல அடிபட்டவங்களுக்குத்தான் இது ஒட்டுது.

எங்க படிப்புலயும் இதே கதைதான். நாங்க சிஏ படிச்ச காலத்துல 100 மணி நேர ஐடி டிரெயினிங் கட்டாயம். இப்போ அதை ஐசிஐடிஎஸ்எஸ், ஏஐசிஐடிஎஸ்எஸ்-னு ரெண்டு கட்டமா வெச்சிருக்காங்க. அந்த 100 மணி நேரத்துல பைவட் டேபிள் சொல்லித் தந்தாங்க, கேட்டோம், டெஸ்ட் எழுதினோம். நிஜமா கையில வந்தது ஆர்ட்டிகிள்ஷிப்ல ஒரு கிளையண்டோட லெட்ஜரைக் கொடுத்து "சாயங்காலத்துக்குள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடி"ன்னு சொன்னப்பதான்.

பல காலேஜ்ல நடக்கிறது இதுக்கு நேர் எதிர். வரலாறு, தமிழ், வேதியியல், வணிகவியல்னு எல்லாரையும் ஒரே ஹால்ல உட்கார வெச்சு, எல்லாருக்கும் ஒரே மார்க் ஷீட் உதாரணம். அஞ்சு மாணவர், மூணு பாடம், மொத்தம் போடு, சராசரி போடு. அப்புறம் தேர்வுல 'சேவ் பண்ண எந்தக் குறுக்கு விசை'ன்னு ஒரு கேள்வி. பாஸ். தனியார் சென்டர்லயும் இதேதான், ஏசி ரூம்ல நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு விஷயம், இது உங்க தம்பி மேல குத்தமே இல்ல. போன்லயே வளர்ந்த தலைமுறைக்கு ஃபைல், ஃபோல்டர்ங்கிற எண்ணமே அந்நியம். போட்டோ கேலரியில இருக்கும், பிடிஎஃப் வாட்ஸப்ல இருக்கும். எங்க 'சேவ்' ஆச்சுன்னு யோசிக்க வேண்டிய அவசியமே வரல. அமெரிக்கப் பேராசிரியர்கள் இதையே புலம்புறாங்கன்னு 2021-ல 'தி வெர்ஜ்' தளத்துல பெரிய கட்டுரையே வந்துச்சு. இன்ஜினியரிங் மாணவர்களுக்கே ஃபைல் எங்க இருக்குன்னு சொல்லத் தெரியல. வேப்பூர் பையனுக்கும் அமெரிக்கப் பையனுக்கும் இதுல வித்தியாசம் இல்ல.

வரலாறு படிக்கிறவனுக்கு எக்செல் எதுக்கு?

பொருளாதாரத்துல இருந்தே தொடங்குறேன். 2010-ல பொருளாதாரப் பேராசிரியர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ரெண்டு பேரும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு நாட்டோட அரசுக் கடன் அதன் ஜிடிபியில 90 சதவீதத்தைத் தாண்டினா வளர்ச்சி படுத்துடும்னு. பல நாட்டுத் தலைவர்கள் அதைக் காட்டித்தான் செலவை வெட்டினாங்க. 2013-ல தாமஸ் ஹெர்ண்டன்னு ஒரு மாணவர், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல, வகுப்பு அசைன்மெண்டுக்காக அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். வரவே இல்ல. ஆசிரியர்கள்கிட்டயே ஷீட்டை வாங்கிப் பார்த்தா, சராசரி ஃபார்முலா 20 நாடுகளுக்குப் பதிலா 15 நாடுகளை மட்டும் எடுத்திருக்கு. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் அஞ்சும் வெளியே. இதோட டேட்டா தேர்வு, எடை போட்ட விதம் இதையெல்லாம் சேர்த்துச் சரிபண்ணினப்போ, அதிகக் கடன் உள்ள நாடுகளோட சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 இல்ல, 2.2 சதவீதம்னு வந்துச்சு. கண்டுபிடிச்சது புரோகிராமர் இல்ல, பொருளாதார மாணவர். அவர் பார்த்தது, ஃபார்முலா எந்த வரிசையில முடியுதுன்னு.

விலங்கியல், தாவரவியல் பசங்களுக்கு இன்னும் வேடிக்கையான ஒண்ணு. 'மார்ச்1', 'செப்ட்2'ங்கிற மாதிரி பேர் உள்ள மரபணுக்களை எக்செல்ல அடிச்சா, அது தேதின்னு நினைச்சு மாத்திடும். எக்செல் பட்டியல் இணைச்ச மரபணு ஆய்வுக் கட்டுரைகள்ல அஞ்சுல ஒண்ணுல இந்தப் பிழை இருக்குன்னு 2016-ல கண்டுபிடிச்சாங்க. கடைசியில 2020-ல மரபணுக்களோட பேரையே மாத்தினாங்க! அதே 2020 அக்டோபர்ல இங்கிலாந்து பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்செல் ஃபைல் வடிவத்தைப் பயன்படுத்தினதால, 65,536 வரிக்கு மேல ஏறாம, 15,841 கொரோனா தொற்றாளர்கள் தினசரிக் கணக்குல விட்டுப்போயிட்டாங்க.

நம்ம ஊருக்கு வருவோம். வேப்பூர் கூட்டுரோடு ஆட்டுச் சந்தை தெரியாதவங்க அந்தப் பக்கம் இல்ல. தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை விலை என்ன, ஆடி மாசம் என்ன, பக்ரீத்துக்கு என்ன? பொருளாதார மாணவர் ஒருத்தர் வாராவாரம் பத்து வியாபாரிகள்கிட்ட விலை கேட்டு ஷீட்ல போட்டா, ஆறு மாசத்துல அவருக்கு சார்ட், சராசரி, ஃபில்டர் எல்லாம் தானா வந்துடும். விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல மணிலா மூட்டை விலை. வேளாண் பல்கலைக்கழகத்தோட மண்டல ஆராய்ச்சி நிலையம் அங்கேயே இருக்கு. 'விஆர்ஐ'ன்னு தொடங்குற மணிலா ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். எந்த ரகம் எந்த வயல்ல எவ்வளவு காய்ச்சதுன்னு தாவரவியல் பசங்க சொந்த ஊர்ல எடுக்கலாம். செராமிக் பட்டறைகள் பக்கம் போனா, ஒவ்வொரு சூளைக்கும் எத்தனை பீஸ் உள்ளே போச்சு, எத்தனை விரிசலோட வந்துச்சு, எந்த வெப்பநிலையில எவ்வளவு நேரம்னு ஒரு பதிவேடு வைக்க வேண்டிய தொழில் அது. விரிசல் சதவீதம் ரெண்டு புள்ளி குறைஞ்சா முதலாளிக்கு அது நேரடி லாபம். இதைக் கணக்குப் போட்டுக் காட்டத் தெரிஞ்ச பையனுக்கு 'கம்ப்யூட்டர் டிப்ளமா' சான்றிதழ் எதுக்கு?

வரலாறு? கல்வெட்டுப் பட்டியல் போதும். ஊர், அரசர், ஆட்சியாண்டு, கொடை என்ன, யாருக்குன்னு அஞ்சு பத்தி. விருத்தகிரீஸ்வரர் கோயில் கல்வெட்டுகளை அப்படி அடுக்கினா, எந்தக் காலத்துல நிலம் கொடுத்தாங்க, எந்தக் காலத்துல விளக்குக்கு ஆடு கொடுத்தாங்கன்னு ஃபில்டர் போட்டா தெரியும். ஒரே அரசர் பேரை மூணு விதமா எழுதினா ஃபில்டர்ல மூணு பேரா வர்றதைப் பார்க்கும்போதுதான், டேட்டாவை ஒரே மாதிரி எழுதணும்ங்கிற ஒழுக்கம் வரும். ஆபீஸ்ல கஸ்டமர் பேரை மூணு விதமா எழுதுறதால வர்ற தலைவலி உங்களுக்கே தெரியும்.

தமிழ் இலக்கியப் பசங்களுக்கு முதல் பாடம் யூனிகோடும் தமிழ்99 விசைப்பலகையும்தான். 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தரப்படுத்தினது அது. பழைய எழுத்துருவுல அடிச்ச ஃபைலை மெயில்ல அனுப்பினா, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல ஆங்கில எழுத்தும் குறியுமா கோழி கிறுக்கின மாதிரிதான் திறக்கும். இதைத் தெரிஞ்சுக்காம வேலைக்கு விண்ணப்பம் அனுப்புறவங்க இன்னும் இருக்காங்க.

மெயில் எழுதுறதைப் பத்தி ஒரு சின்ன விஷயம். விருத்தாசலத்துப் பக்கம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டுறது உங்களுக்குத் தெரியும். பேர், ஊர், குறை என்ன, என்ன வேணும்னு வெள்ளைத்தாள்ல தெளிவா எழுதிக் கட்டுவாங்க. சாமிகிட்டயே இவ்வளவு ஒழுங்கா எழுதுற ஊர்ப் பசங்க, எச்ஆர்-க்கு சப்ஜெக்ட் லைனே இல்லாம "சார் ஜாப் இருக்கா"ன்னு மெயில் போடலாமா? அந்தச் சாமி பேர்ல இருக்கிற திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில இதை ஒரு வகுப்பா எடுத்தா நல்லாத்தான் இருக்கும்.

இப்போ உங்க பாக்கெட்டுக்கு வருவோம்

இதெல்லாம் ஸ்டூடண்ட்ஸ் விஷயம்தானேன்னு நினைக்காதீங்க. உங்களுக்கே ஒரு சோதனை. புது பைக் வாங்க 1,00,000 ரூபாய் கடன். ஷோரூம்ல "12 பெர்சென்ட் ஃபிளாட் சார், 24 மாசம்"ங்கிறாங்க. வட்டி 24,000. மொத்தம் 1,24,000. மாசத் தவணை 5,167. உண்மையான வட்டி எவ்வளவு?

12 இல்ல. ஏன்னா நீங்க மாசாமாசம் அசலைத் திருப்பிக் கட்டிக்கிட்டே வர்றீங்க, ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு லட்சத்துக்கும் போடுறாங்க. கூகுள் ஷீட்ஸ்ல 'ரேட்'னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. அதுக்குள்ள மூணு எண்: 24, மைனஸ் 5167, 100000. வர்றதை 12-ஆல பெருக்குங்க. சுமார் 21.6 சதவீதம். இதுல 2,000 ரூபாய் பிராசசிங் ஃபீஸ் முன்னாடியே பிடிச்சுட்டாங்கன்னா, உங்க கைக்கு வந்தது 98,000தான். மூணாவது எண்ணை அப்படி மாத்துங்க. சுமார் 23.7.

2024 அக்டோபர் 1-க்குப் பிறகு தர்ற எல்லா ரீட்டெயில் கடனுக்கும் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்' கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கு. அதுல ஆண்டு சதவீத விகிதம், அதாவது ஏபிஆர், எழுதியிருக்கும். ஷீட்ல வந்ததையும் அதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பேங்க் லோன் 14 சதவீத ரெட்யூசிங் வட்டின்னு சொன்னா '12-ஐ விட அதிகமாச்சே'ன்னு விட்டுட்டு ஷோரூம் கடனை எடுக்கிறவங்க இந்த மூணு எண்ணைப் போட்டுப் பார்க்காதவங்கதான். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். எதுவா இருந்தாலும் எல்லாருக்கும் முதல் வருஷமே இந்த ஒரு வகுப்பை எடுக்கணும்னு நான் நினைக்கிறேன். வேலை கிடைச்ச மூணாவது மாசமே பைக் கடன் வந்துடுதே!

சரி, தம்பிக்கு என்ன செய்யறது? ஐஐடி பம்பாயோட 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் இருக்கு. கெமிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கினது, மத்திய கல்வி அமைச்சக நிதியில உருவானது. லிப்ரே ஆபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் எல்லாத்துக்கும் சின்னச் சின்ன வீடியோ, தமிழ்க் குரலோட, இலவசம். பாதி ஸ்கிரீன்ல வீடியோ, மீதி பாதியில சாஃப்ட்வேர். அவங்க ஒண்ணு செய்ய, நீங்க நிறுத்தி அதையே செய்யணும். வெறுமனே பார்த்துட்டுப் போறதுக்கு இது யூடியூப் ஷார்ட்ஸ் இல்ல. கால்க் வரிசையை ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம்னு வெச்சா ரெண்டு மூணு மாசத்துல முடியும். ஆனா ஒரு நிபந்தனை: அவங்க தர்ற உதாரணத்தோட தன் பாடத்தோட டேட்டா ஒண்ணையும் கூடவே செய்யணும். இல்லன்னா இதுவும் மெனு பாடம் ஆயிடும்.

அரசு வேலைதான் குறின்னா கணக்கே வேற. டைப்பிஸ்ட், ஸ்டெனோ டைப்பிஸ்ட் பதவிகளுக்குத் தட்டச்சுச் சான்றிதழோட, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துற 'சிஓஏ', அதாவது ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் கேப்பாங்க. தனியார் சென்டர் தர்ற பளபளப்பான டிப்ளமா அங்கே செல்லாது. இந்த இடத்துல தட்டச்சு நிலையத்துக்குக் காசு கட்டுறது நியாயமான செலவு, தாராளமா கட்டுங்க. மத்திய அரசோட நைலிட் நடத்துற 'சிசிசி' 80 மணி நேரப் பாடத்திட்டம்; வீட்டுலயே படிச்சு நேரடியா பரீட்சை எழுதலாம்.

இதையெல்லாம் தாண்டி சென்டர்லதான் சேரணும்னு தம்பி நின்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு நாள் போய் உட்காருங்க. ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? என் பேங்க் ஸ்டேட்மெண்டைக் கொண்டு வந்தா சொல்லித் தருவீங்களான்னு கேளுங்க. "சிலபஸ்ல இல்ல சார்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க. முழு ஃபீஸையும் முன்னாடியே கட்டினா டிஸ்கவுண்ட்னு சொல்லுவாங்க, அதுக்கு மயங்காதீங்க. மாசாமாசம் கட்டுறேன்னு சொல்லுங்க. ஃபீஸுக்கு இஎம்ஐ போட்டுத் தர்றோம்னு சொன்னாங்கன்னா, மேலே சொன்ன மூணு எண்ணையும் அங்கேயே போன்ல போட்டுப் பாருங்க.

60 வரி டெஸ்ட் ஷீட்டும், கடன் கணக்கு ஷீட்டும் வீடியோவோட டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. மேக் எ காப்பி கொடுத்து எடுத்துக்கோங்க, மஞ்சள் கட்டங்களை மட்டும் மாத்துங்க. முதல் ஷீட்ல ஒரு தேதி மாதம்-நாள் மாறி இருக்கு, ஒரு தொகை எண் மாதிரி தெரியும் ஆனா எண் இல்ல. வேணும்னேதான் விட்டு வெச்சிருக்கேன். தம்பிகிட்ட கொடுத்துப் பாருங்க, முதல்ல நீங்க போட்டுப் பார்த்துட்டு.